தோட்டத்து லோரியைச் சின்னதாகக் கட்ட நாலு வழி: எது யாருக்கு?

போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வரும்போது தெரிந்த தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். லோரியின் படியில் ஒரு காலை வைத்தபடி அவருடைய அப்பா நிற்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. "அண்ணே, இந்த லோரிய அப்படியே மாடலா கட்டணும். அப்பா இருக்கும்போதே கட்டிக் காட்டிடணும். கிட்டு வாங்கவா, இல்ல ரெடியா விக்கிற லோரிய வாங்கி மாத்தவா?" என்று கேட்டார்.

கிட்டு என்றால் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிக் கட்டும் மாடல். இதே கேள்வியை இந்த வருடம் எனக்குத் தெரிந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் முழுக்க மரத்தில் செய்ய நினைக்கிறார். இன்னொருவர் வீட்டில் மகன் 3டி பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறான். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் நான் எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வேனோ அதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வழிக்கும் போகிறேன்.

முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த லோரியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? முன்னால் டிரைவர் பக்கத்திலா, பின்னால் தொட்டியிலா?

காரணம் இருக்கிறது. நம் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த பெட்ஃபோர்டு லோரி இங்கிலாந்தில் செய்தது. ஆனால் அங்கிருந்து வந்தது சேசி, என்ஜின், முகம் இவ்வளவுதான். பின்னால் இருந்த மரத் தொட்டி இங்கே பட்டணத்துப் பட்டறையில், பெரும்பாலும் சீன ஆசாரிகள் கையால், கெருயிங் மாதிரியான கட்டையில் அடித்தது. பழைய லோரிகள் சிலவற்றில் டிரைவர் உட்காரும் கூண்டுகூட உள்ளூர் மரவேலைதான். ஆக நம் லோரி முழுசாக எந்த நாட்டுப் பெட்டிக்குள்ளும் கிடைக்காது. பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதியில் உங்கள் நினைவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் பின்னால் போனவன். இடைநிலைப்பள்ளிக்குத் தோட்டத்திலிருந்து பட்டணம் வரை லோரியில்தான் கொண்டுபோய் விடுவார்கள். பெட்ஃபோர்டின் முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. பின்கதவுச் சங்கிலி நன்றாக ஞாபகமிருக்கிறது. ஓடும்போது சத்தம் போடாமல் இருக்கச் சங்கிலியைச் சுற்றி கெலிண்டன் (டிரைவரின் உதவியாள்) சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். பக்கப் பலகையின் மேல் விளிம்பில், நாங்கள் எல்லோரும் பிடித்து நின்ற இடத்தில், பச்சைப் பெயிண்ட் முழுக்கப் போய் மரம் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருக்கும். அதைக் கட்டாமல் எந்தக் கிட்டைக் கட்டினாலும் அது எனக்கு என் லோரி ஆகாது.

இரண்டாவது, எந்தக் காலத்து லோரி என்பது. பெட்ஃபோர்டு ஓ வரிசை 1939இல் வந்தது, உருண்டை மூக்கு. போருக்குப் பிறகு 1950களின் தொடக்கம் வரை செய்தார்கள். 1950களின் இறுதியில் மூக்கு வைத்த டிஜேயும், அதை ஒட்டியே மூக்கில்லாத டிகேயும் வந்தன. படத்தில் மூக்கு இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். நம்பர் பிளேட்டையும் பாருங்கள். பேராக் வண்டி என்றால் ஏ எழுத்தில் தொடங்கும். வேறு எழுத்து இருந்தால் வண்டி வேறு மாநிலத்தில் பதிவானது, நீங்கள் தேட வேண்டிய பழைய படங்களும் அங்கே இருக்கலாம்.

மூன்றாவது அளவு. தாமான் (குடியிருப்பு) வீட்டு அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு எது எட்டும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1:24 என்றால் உண்மையான அளவில் 24இல் ஒரு பங்கு. சுமார் 6 மீட்டர் நீள லோரியை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

| அளவு | லோரியின் நீளம் | 6 அங்குலப் பலகையின் அகலம் | ஐந்தரை அடி ஆளின் உயரம் |
|---|---|---|---|
| 1:24 | 25 செ.மீ. | 6.4 மி.மீ. | 7 செ.மீ. |
| 1:35 | 17 செ.மீ. | 4.4 மி.மீ. | 4.8 செ.மீ. |
| 1:50 | 12 செ.மீ. | 3 மி.மீ. | 3.4 செ.மீ. |
| 1:76 | 8 செ.மீ. | 2 மி.மீ. | 2.2 செ.மீ. |

ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாகக் கட்டுபவர் 1:76ஐத் தொட வேண்டாம் என்பேன். 2 மில்லிமீட்டர் பலகையில் ஆணித்தலை வரைய உட்கார்ந்தால் கண் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

மற்றவை செலவு, நேரம், நம் ஊர்ப் புழுக்கம். இவற்றை அந்தந்த வழியிலேயே சொல்கிறேன். விலைப்பட்டியலில் தெரியாத செலவுதான் எல்லா வழியிலும் பெரிது.

வழி 1: பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட்

உருண்டை மூக்குப் பெட்ஃபோர்டு வேண்டுமென்றால் உங்களுக்கு நல்ல நேரம். எம்ஹார் என்ற பெயரில் 1:24 அளவில் பெட்ஃபோர்டு ஓ வரிசைக் கிட் வந்திருக்கிறது. போர்க்கால வண்டி என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஐபிஜி 1:35இல் பெட்ஃபோர்டு கியூஎல் போட்டிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் 1:48இல் எம்டபிள்யூடி போட்டிருக்கிறது. பட்டாள வண்டி தோட்டத்துக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். போர் முடிந்ததும் பட்டாளம் கழித்த லோரிகள் இங்கே பல வேலைக்குப் போயின. காட்டில் மரம் இழுத்த சான்தாய் வோங் லோரிகள் அப்படி மாற்றிக் கட்டியவைதான். உங்கள் தாத்தா காட்டில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்தவர் என்றால் இந்த வழியை விட்டுவிடாதீர்கள்.

1980களுக்குப் பிந்திய செம்பனைக் குலை லோரி உங்கள் நினைவில் இருந்தால் ஜப்பானியக் கிட்டுகளைப் பாருங்கள். அவோஷிமா 1:32இலும் 1:24இலும் ஜப்பானிய லோரிகளைப் போடுகிறது. ஜப்பானும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடு, அதனால் ஸ்டியரிங் வலது பக்கமே இருக்கும். இத்தாலெரி, ரெவெல் போன்ற ஐரோப்பியக் கிட்டுகளில் பெரும்பாலும் இடது ஸ்டியரிங். டாஷ்போர்டை வெட்டி, திருப்பி ஒட்டி, பெடல்களை இடம் மாற்ற வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், பெட்டி மேலும் எழுதியிருக்காது. எனக்கு அந்த வேலைக்கே இரண்டு வாரம் போனது.

மறைந்த செலவு என்று பார்த்தால் முதலில் பெயிண்ட். கிட்டுக்குக் கொடுத்ததைவிட பிரைமர், பெயிண்ட், தின்னர், பசை, சாண்ட் பேப்பர் எல்லாம் சேர்ந்து அதிகமாவது சாதாரணம். ஸ்பிரேயும் கம்பிரசரும் வாங்கினால் கணக்கே வேறு. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. உற்பத்தி நின்ற கிட் என்றால் பழையது விற்பவர் சொல்வதுதான் விலை.

இன்னொன்று மழை. சாயங்காலம் மழை பிடித்த நேரத்தில் லாக்கர் ஸ்பிரே அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பெயிண்டில் இறங்கி, பச்சை நிறம் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். ஒருமுறை முழுக் கூண்டையும் சுரண்டி எடுத்தேன். இப்போது காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகுதான் அடிக்கிறேன். கண்ணாடிகளைச் சூப்பர் குளூவில் ஒட்டாதீர்கள், அதன் புகை படிந்து மங்கிவிடும். வெள்ளைப் பசை போதும்.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெயிண்ட் படாமல் மறைப்பதற்குப் பூசும் மாஸ்கிங் திரவம் ஒன்று உண்டு. முதல் புட்டியைத் திறந்தபோது அந்த வாடை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. அம்மோனியா கலந்த ரப்பர் பால். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்து ஸ்டோரில் ஊற்றுவார்களே, அதே மருந்து. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் எங்கள் லோரி பகலில் பால் தாங்கியை ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் நாங்கள் ஏறும்போதும் பலகையில் அந்த வாடை இருக்கும். அந்தத் திரவங்களில் பல இன்னமும் ரப்பர் பாலில் செய்தவைதான். தாங்கியின் வாய் ஓரத்தில் ஒரு சொட்டு வழியவிட்டுக் காயவைத்தால் மஞ்சள் பழுப்பாக, உண்மையான பால் காய்ந்ததுபோலவே நிற்கும். அதற்கு மேல் பெயிண்ட் தேவையில்லை.

உங்கள் லோரிக்குப் பொருத்தமான கிட் இருந்து, நினைவு முன்பக்கத்தில் இருந்தால் கிட்தான் சரி. அப்பா டிரைவர், மடியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்த பிள்ளை நீங்கள் என்றால் கியர் கம்பியும் சீட்டும் ஸ்டியரிங்கும் வேண்டும். அவை கிட்டில்தான் ஒழுங்காக வரும்.

வழி 2: டைகாஸ்ட் லோரியை வாங்கி மாற்றுவது

டைகாஸ்ட் என்றால் உலோகத்தில் வார்த்து ரெடியாக விற்கும் சின்ன லோரி. டிகே வேண்டியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். 1960களிலேயே டிங்கி என்ற பொம்மைக் கம்பெனி பெட்ஃபோர்டு டிகேயில் நிலக்கரி லோரியும் டிப்பரும் போட்டது. இஎஃப்இ 1:76 அளவில் டிகேக்கள் போட்டிருக்கிறது. எல்லாம் பிரிட்டிஷ் வண்டிகள், ஸ்டியரிங் வலது பக்கம். நம் வேலை பின்னால் இருப்பதைக் கழற்றிவிட்டு நம் ஊர்த் தொட்டியை வைப்பதும், நிறத்தை மாற்றுவதும்தான்.

அடியில் ரிவெட் இருந்தால் அதன் தலையை மட்டும் டிரில்லில் மெதுவாகக் குடைந்து எடுங்கள். திரும்பப் பூட்டும்போது சின்னத் திருகாணி போடலாம். பழைய பெயிண்டைப் பெயிண்ட் ரிமூவர் எடுத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். உலோகத்தில் பெயிண்ட் நிற்காது, முதலில் உலோகத்துக்கான பிரைமர் அடிக்க வேண்டும்.

பழையது வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. இவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கலவையில் ஈயம் போன்றவை கலந்துவிட்டால் வருடங்கள் போகப் போக உலோகம் தானாகவே வெடித்து உதிர ஆரம்பிக்கும். போருக்கு முந்தியவற்றில் இது அதிகம். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும், நம் ஊரில் இரண்டும் இருக்கின்றன. மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்னொரு சங்கடம், பெட்டியோடு இருக்கும் பழைய டிங்கிக்குச் சேகரிப்பாளர் விலை. அதை வெட்ட எனக்கு மனசு வராது. பெயிண்ட் போய், சக்கரம் இல்லாமல் கிடக்கும் ஒன்றைத் தேடி வாங்குங்கள். விலையும் குறைவு, வெட்டும்போது கையும் நடுங்காது.

இந்த வழியில் நேரம் மிச்சம். இரண்டு மூன்று வார இறுதியில் முடித்துவிடலாம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது இந்தக் கனம் பெரிய விஷயம். பிளாஸ்டிக் லோரியை அவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். இதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். குறை என்றால், கதவு திறக்காது, உள்ளே சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

வழி 3: முழுக்கக் கையால் செய்வது

சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். சார்டின் டின் லோரி, பிய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டிய சக்கரம், முன்னால் ஒரு கயிறு. இப்போது அதையே அளவு பார்த்துச் செய்கிறோம்.

பின்தொட்டியைப் பொறுத்தவரை இதற்கு ஈடு வேறு வழி இல்லை. பிளாஸ்டிக்கை மரம் மாதிரி வரைவதைவிட மரத்தையே போடுவது எளிது. மேலே கொடுத்த அட்டவணையில் 1:24க்கு ஆறு அங்குலப் பலகை 6.4 மில்லிமீட்டர் என்று இருக்கிறது அல்லவா? காப்பி கலக்கக் கொடுக்கும் மெல்லிய மரக்குச்சி அகலத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான், கனமும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. ஐஸ்கிரீம் குச்சி வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அதன் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர். 1:24இல் அது ஒன்பது அங்குலத்துக்கு மேல் அகலமும் இரண்டு அங்குலம் கனமும் உள்ள பலகை. பார்த்தவுடன் ஏதோ தப்பு என்று கண் சொல்லிவிடும்.

பலகைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விடுங்கள். கெருயிங் பலகைகள் வெயிலில் சுருங்கி அப்படித்தான் நிற்கும், ஓடும்போது அந்தச் சந்து வழியாகக் கீழே சாலை ஓடுவது தெரியும். கெட்டியான தேத்தண்ணியில் துளி கறுப்புப் பெயிண்ட் கலந்து ஊறவிட்டால் பழைய மர நிறம் வரும். பச்சை அடித்துக் காய்ந்த பிறகு, பிடித்து நின்ற விளிம்பை மட்டும் நுண்ணிய சாண்ட் பேப்பரால் தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவாருங்கள். கடைசியில் அந்த இடத்தை விரலாலேயே பலமுறை தேயுங்கள். விரலிலுள்ள எண்ணெய்தானே உண்மையான பலகைக்கும் மினுக்குக் கொடுத்தது! சங்கிலிக்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மெல்லிய கழுத்துச் சங்கிலி போதும். சைக்கிள் டியூபுக்குக் கறுப்பு வயரை உரித்து உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டு அந்த உறையை மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது.

செம்மண்ணைத் தோட்டத்திலிருந்தே எடுக்கலாம், ஆனால் அப்படியே தூவினால் ஒவ்வொரு மணலும் கல் மாதிரி தெரியும். தண்ணீரில் கலக்கி, கனமானது அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிக் காயவிடுங்கள். அடியில் படிவது மாவு மாதிரி இருக்கும். அதைத்தான் தூரிகையால் சக்கர வளைவுகளில் பூச வேண்டும்.

முன்பக்கம்தான் கஷ்டம். கூண்டின் வளைவுகளைப் பிளாஸ்டிக் தாளில் கொண்டுவரப் பொறுமை வேண்டும், முதல் இரண்டு கூண்டு குப்பைக்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் அப்படியே. டயர் மட்டும் வேறு எங்கிருந்தாவது எடுப்பது புத்திசாலித்தனம். உள்ளூர் மரக் கூண்டு வைத்த லோரி என்றால் நிலைமை தலைகீழ், தட்டையான பலகைகள்தானே, அதைக் கையால் செய்வதே எளிது.

இந்த வழியின் உண்மையான விலை நேரம். பொருளுக்கு ஐம்பது ரிங்கிட்கூட ஆகாது, ஆனால் எனக்கு ஒரு தொட்டிக்கே ஒரு மாதம் போகும். கரையானையும் மறந்துவிடாதீர்கள். வார்னிஷ் பூசிக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

வழி 4: 3டி அச்சு

யாரும் கிட் போடாத வண்டிக்கு இது நல்ல வழி. ஆனால் கோப்பு இருந்தால்தான் அச்சு. உங்கள் லோரிக்கு ஆயத்தக் கோப்பு கிடைக்கவில்லை என்றால் யாராவது படத்தைப் பார்த்துக் கணினியில் வரைய வேண்டும். அந்த வேலை, கையால் கூண்டு செய்வதைவிடக் குறைந்தது இல்லை. ரெசின் (திரவப் பிளாஸ்டிக்) அச்சு என்றால் கழுவ ஆல்கஹால், காயவைக்கப் புற ஊதா விளக்கு, கையுறை, காற்றோட்டமான இடம் எல்லாம் வேண்டும். காயாத ரெசின் தோலில் படக்கூடாது. பிளாஸ்டிக் இழை அச்சில் வரி வரியாகத் தெரியும், தேய்த்துத் தேய்த்து பிரைமர் அடிக்க வேண்டும்.

சக்கரம், ஹெட்லைட் வளையம், கண்ணாடிச் சட்டம் மாதிரி ஒரே பொருள் நாலைந்து வேண்டும்போது இதை விடச் சுகமானது இல்லை. முழு லோரிக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் பிள்ளைக்குக் கணினி வேலை பிடிக்கும் என்றால் கூண்டை அவனிடம் விட்டு, தொட்டியை நீங்கள் செய்யுங்கள். தாத்தாவின் லோரிப் படத்தை அவன் இரண்டு மாதம் உற்றுப் பார்ப்பான். அதுவும் வேண்டியதுதானே.

எழுத்து வேலை

எந்த வழியில் போனாலும் இது வரும். கதவில் வெள்ளை எழுத்தில் பி.டி.எம். (BTM), பி.டி.எம். (BDM) என்று இரண்டு வரி இருக்கும். மலாயில் முதலாவது சுமையில்லாத எடை, இரண்டாவது சுமையோடு எடை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ரோமன் எழுத்தில் நடு எழுத்து மாறும். அதைப் படத்தைப் பார்த்து எழுதுங்கள். வீட்டு பிரிண்டர் வெள்ளை மை அடிக்காது. அதனால் நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை டெக்கால் தாளில் (மாடலில் ஒட்டும் அச்சுத்தாள்) கறுப்புப் பின்னணியை அச்சடித்து எழுத்தை வெள்ளையாக விடுங்கள். கதவுக்கும் அப்படியே, பின்னணியைக் கதவின் பச்சையில் அடித்து. நிறம் ஒத்துவர மூன்று நான்கு தாள் வீணாகும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது

படத்தில் இருந்தது மூக்கில்லாத டிகே. அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது, காலம் முக்கியம். அதனால் பெயிண்ட் போன டைகாஸ்ட் டிகே ஒன்றை வாங்கச் சொன்னேன். தொட்டியை நான் மரத்தில் செய்து தருவதாகச் சொன்னேன். மாதிரி பார்ப்பதற்காக என் அலமாரியில் இருந்த ஒரு டிகேயை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அவர் அப்பாவைப் பார்க்கப் போனோம்.

பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கூண்டுக் கதவுக்குப் பின்னால், வார்ப்பில் கோடு மட்டும் இருக்கும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்த்தார். டிகேயின் என்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அதைப் பார்க்கக் கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு மூடி. "இது தொறக்கணும்யா" என்றார். "காலையில இதத் தொறந்து தண்ணி பாக்காம நான் ஒரு நாளும் வண்டி எடுத்தது இல்ல."

அந்த மூடியை வெட்டித் திறக்கும்படி செய்ய வேண்டும். உள்ளே வைக்க என்ஜின் ஒன்றும் வேண்டும். அதற்குத்தான் இப்போது பிளாஸ்டிக் தாள் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.